ஸ்டிக்கராகிப் போன அழுகை

“…அழுகணும்னா அழுகை வரணும்ல? எனக்குத்தான் அதையும் சேத்துப் புடுங்கிட்டுப் போயிட்டானே. அதனால நான் அழுகுறதுக்கு வரலப்பா. அவன் அழுகுறதப் படம் புடிக்க வாரேன். ஒன் போன்ல எத அமுக்கணும், அத மட்டும் சொல்லு” என்றாள் என் அக்கா.

கடைக்குள் பிரிண்டிங் மெஷின் இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்று மெல்ல மெல்ல வெளியே வந்தது. முதலில் இரண்டு குத்துவிளக்கு, அப்புறம் வெள்ளை முடி, அப்புறம் நெற்றி. படத்திலிருந்தவர் அக்காவுடைய சின்ன மாமியார், அதாவது அவள் புருஷனின் சித்தி. அன்று விடியற்காலை போய்ச் சேர்ந்துவிட்டார். பேனருக்குச் சொல்லிவிட்டவன் அவருடைய மகன். அக்காவுக்குக் கொழுந்தன் முறை. அக்கா படம் பிடிக்கப் போகிறேன் என்றது அவனைத்தான்.

நான் போனை அவள் கையில் கொடுத்து, எதை அமுக்கினால் படம், எதை அமுக்கினால் வீடியோ என்று காட்டினேன். “அடப் போக்கா, எழவு வீட்டுல போயி இதெல்லாம்” என்று தடுக்கிற தம்பியாக நான் இருந்திருக்கலாம். இருக்கப் பிடிக்கவில்லை. அவன் முகம் எனக்கும் வேண்டியிருந்தது.

நான் திண்டுக்கல்லில் பிளக்ஸ் பேனர் அடிக்கிறவன். மெஷினை யாரும் ஓட்டிவிடலாம். பேனரில் என்ன எழுதுவது என்பதுதான் எங்கள் தொழில். படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு அதைக் கற்றுக் கொடுத்ததெல்லாம் டீக்கடையும் பஸ் ஸ்டாண்டும்தான். நாலு பேர் நின்று பேசினால் என் காது தானாக அங்கே போய்விடும். பக்கத்து டீக்கடை மாஸ்டர் ஒருநாள் கடன் சொல்லிவிட்டு நழுவியவரைப் பார்த்து, “அண்ணே, நீங்க குடிச்சது டீ இல்ல, என் பொறுமை” என்றார். அடுத்த வாரம் ஒரு கல்யாண பேனரில் நண்பர்கள் சார்பாக அந்த வரியை மாப்பிள்ளைக்குப் போட்டுவிட்டேன். ஊரே அதன் முன்னால் நின்று படம் எடுத்தது. அந்தப் படம் எங்கெங்கோ சுற்றி, துபாயிலிருக்கிற என் சேக்காளி மூலமாக, “ஒங்க ஊர்க்காரய்ங்க குசும்பப் பாருடா” என்று எனக்கே திரும்பி வந்தது.

அப்படி வருகிற படங்களை நான் அழிப்பதே இல்லை. மொபெட்டில் பீரோவை நிற்க வைத்துக் கட்டிக்கொண்டு போகிறவர். பள்ளிக்கூடச் சட்டை போட்ட ஆட்டுக்குட்டி. பந்தியில் வடையைச் சட்டைப் பைக்குள் போடுகிற நேரம் பார்த்துக் கேமராவைக் கவனித்துவிட்ட பெரியவர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அதையெல்லாம் அக்கா வீட்டுக்கு அனுப்புவேன். அத்தான் பார்த்துவிட்டு அக்காவிடம் காட்டுவார். அவள் சிரிப்பு போனில் எனக்குக் கேட்கும். “ஒங்க அக்கா சிரிச்சா பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துல தண்ணி அலம்புதுப்பா, கொஞ்சம் கொறைச்சு அனுப்பு” என்பார் அத்தான்.

அந்த அத்தான் ஒரு மத்தியானம் தக்காளிக்குத் தண்ணி பாய்ச்சிக்கொண்டிருந்தவர், வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். சேவுகம்பட்டிப் பக்கம் அவர்கள் ஊர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் பெட்டி வந்திருந்தது. அக்கா அவர் தலைமாட்டில் கிடந்தாள்.

இப்போதெல்லாம் எங்கள் பக்கம் எழவு விழுந்தால் பந்தலுக்கு முன்னால் போன் ஸ்டாண்டு நட்டுவிடுகிறார்கள். சொந்தத்தில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனியில், மீதிப் பேர் சிங்கப்பூரில், அரபு நாட்டில். வர முடியாதவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் லைவ். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அத்தானுக்கு லைவ் போட்டவன் இந்தக் கொழுந்தன். சொந்தக்காரர்கள் குரூப்புக்கு அவன்தான் அட்மின். விடிந்ததும் ரோஜாப்பூவில் காலை வணக்கம் போடுவான், ஆகாத செய்தியெல்லாம் அனுப்புவான், யாராவது கேட்டால் “வந்தத அனுப்புனேன்” என்பான்.

பாடைத் தேர் புறப்படுகிற நேரம் அக்கா பெட்டியை விட மாட்டேன் என்று இழுத்தாள். முடி அவிழ்ந்து, வாய் கோணி, ஒரு கை மேலே தூக்கி. அந்த ஒரு நொடியை லைவிலிருந்து அவன் வெட்டி எடுத்தான். சுற்றியிருந்த ஆட்களை அழித்துவிட்டு அக்காவை மட்டும் வைத்தான். கீழே ‘முடியலடா சாமி’ என்று எழுதினான். ஸ்டிக்கராக்கினான். எந்தத் துக்கத்துக்கு என்று நினைக்கிறீர்கள்? கிரிக்கெட்டில் அவனுடைய டீம் தோற்றதற்கு.

குரூப்பில் ஒருத்தன் சிரித்தான். இன்னொருத்தன் எடுத்து வேறு குரூப்பில் போட்டான். அதற்கப்புறம் அக்கா ஊர் ஊராகப் போக ஆரம்பித்தாள். பெட்ரோல் விலை ஏறினால் அக்கா அழுதாள். சம்பளம் தீர்ந்தால் அக்கா அழுதாள். திங்கட்கிழமை வந்தாலே அக்கா அழுதாள். அவள் யார், எதற்கு அழுகிறாள் என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. படம் அப்படித்தானே, எங்கே ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும்.

என் கடைக்கே வந்தது. கல்யாண பேனர் போட வந்த மாப்பிள்ளைத் தோழர்கள், எல்லாம் வேலைக்குப் போகிற ஆட்கள், போனை நீட்டி, “அண்ணே, நடுவுல மாப்ள, சைடுல இந்த அக்கா. மாப்ளயோட பழைய ஆளுங்க சார்பா அழுகுறாப்புல. செமையா இருக்கும்ல?” என்றார்கள்.

“இது யாருன்னு தெரியுமா?”

“தெரியாதுண்ணே. ஏதோ சீரியல்ல வர்றவங்க போல.”

“என் கூடப் பொறந்தவ. புருஷன் பொணத்துக்கு முன்னால நிக்கிறா.”

அவர்கள் பேனரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று இறங்கிப் போனார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்து, “மன்னிச்சிருங்கண்ணே” என்றான். மன்னிக்க வேண்டியவன் அவன் இல்லை என்பதால் அவனை மன்னித்துவிட்டேன்.

கொழுந்தனுக்கு அப்போதே போன் போட்டேன். “அட மச்சான், நான் அன்னைக்கே அழிச்சுட்டேன். ஊரு வச்சிருந்தா நான் என்ன பண்றது? எல்லாரும் சிரிக்கிறாய்ங்க, நல்லதுதான? மதினி இப்ப வேர்ல்டு ஃபேமஸு” என்றான். என்னிடம் பேச்சுக்குப் பஞ்சமில்லை. போனை வைத்தபின் வந்த வார்த்தைகளை அச்சடித்தால் கடையைப் பூட்டி சீல் வைத்துவிடுவார்கள்.

வத்தலக்குண்டு சந்தையில் அக்கா தக்காளி வைத்து உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் குனிந்து பார்த்து, “நீங்க அந்த ஸ்டிக்கர் அக்காதான? ஒரே ஒரு செல்ஃபி, அதே மாதிரி வாய வைங்க” என்று கேட்டிருக்கிறாள். அப்போதும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளைச் சாய்த்தது வேறு. எங்கள் பெரியம்மா இறந்து நாங்கள் போனோம். வாசலில் நுழைந்ததும் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுவது எங்கள் வழக்கம். அக்காவும் போய் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல், “ஏய், அதே மூஞ்சிடி!” யாரோ போனை எடுக்கிறார்கள். அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டாள். மூடியது மூடியதுதான்.

அதற்கப்புறம் அவளுக்கு அழுகையே வரவில்லை. அத்தானுக்கு வருஷம் திரும்பிச் சாமி கும்பிட்டபோதும் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. “தொண்ட வரைக்கும் வருதுப்பா. ஒடனே அந்தப் படம் தெரியுது. அதுல இருக்கவ அழுகுறா, நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்” என்றாள். ஊரில் பேச ஆரம்பித்தார்கள். “கல்லு மாதிரி ஒக்காந்திருக்கா பாரு, அன்னைக்கு அழுததெல்லாம் போனுக்குத்தான் போல.” தன் வீட்டு எழவுக்கு வந்து அழுதவர்கள் வீட்டு எழவுக்குப் போய் அழாதவளை எங்கள் பக்கம் யாரும் ஆளாக மதிப்பதில்லை. அவள் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

அந்த ஊரிலிருந்து அவளைத் தேடி வந்தவர் இந்தச் சின்ன மாமியார் ஒருத்தர்தான். ஸ்டிக்கர் விஷயம் காதுக்கு வந்ததும் குழம்புக் கரண்டியால் மகன் கையில் போட்டாராம், போன் தெறித்துப் போய் விழுந்ததாம். ஒரு பை நிறைய முருங்கைக்காயோடு வந்து என் வீட்டு அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்தார்.

“ஏன்டி, எனக்கு ஒன்னு ஆச்சுன்னா நீ வருவீல?”

“வருவேன்த்தே.”

“வந்து சும்மா நிக்கப்படாது. வாய்விட்டு அழுகணும். நீ அழுகலேன்னா நான் பெட்டிய நீக்கிட்டு எந்திரிச்சு வந்து கேப்பேன், ஆமா.”

அக்கா அன்று சிரித்தாள். சரி என்று தலையாட்டினாள். இப்போது அவர் படம்தான் மெஷினிலிருந்து முழுசாக வெளியே வந்துகொண்டிருந்தது.

என் பங்குக்கு நானும் ஒரு வேலை செய்திருந்தேன். அஞ்சலி பேனரில் கீழே பிள்ளைகளின் படம் போட வேண்டும். கொழுந்தன் வாட்ஸ்அப்பில் தன் படத்தை அனுப்பியிருந்தான். கூலிங்கிளாஸ், முன்னால் பைக், பல் முப்பத்திரண்டும் தெரிகிற சிரிப்பு. துக்கத்தில் எதை அனுப்புகிறோம் என்று பார்க்க மாட்டார்கள். போனில் முதலில் எது இருக்கிறதோ அதுதான் வரும். வேறு யாராக இருந்தாலும் கூப்பிட்டு, “அப்பு, சாதாப் படம் ஒன்னு அனுப்புங்க” என்று சொல்லி மாற்றியிருப்பேன். அன்று மாற்றவில்லை. தாயின் மரணத்துக்குச் சிரிக்கிற மகனை மற்ற பிள்ளைகளைவிட ஒரு சுற்றுப் பெரிதாகவே வைத்தேன். ‘தாங்க முடியாத துயரத்தில்’ என்ற வரியை அவன் பல்லுக்கு நேர் கீழே போட்டேன். எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

பேனரைச் சுருட்டி லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். அக்கா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் போனில் படம் பிடித்துப் பழகிக்கொண்டே வந்தாள். ரோட்டோரத் தென்னையைப் பிடித்தாள், டிரைவர் காதைப் பிடித்தாள். “கைய ஆட்டாம புடிக்கணும், இல்லப்பா?” என்று பின்பக்கம் திரும்பிக் கேட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்துப் பல நாளாகியிருந்தது.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் பேனரைக் கட்டினோம். நான் சற்றுத் தள்ளி நின்று, யாராவது சிரிப்பார்களா, யாராவது முகம் சுளிப்பார்களா என்று காத்திருந்தேன். ஒருத்தர் நின்று முழுசாகப் பார்த்துவிட்டு, “படம் நல்லாத் தெளிவா விழுந்திருக்கு” என்றார். அவ்வளவுதான். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. அந்தப் பக்கம் துக்க பேனரில் கூலிங்கிளாஸ் போடாமல் நிற்கிறவன் யார் இருக்கிறான்? என் பழி அந்தக் கம்பத்திலேயே வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது.

பந்தலுக்குள் போனோம். ஐஸ் பெட்டிக்குக் கால்மாட்டில் ஸ்டாண்டு நட்டு, போனைச் சொருகியிருந்தான் கொழுந்தன். பக்கத்தில் நின்று, “லைன்ல இருக்கவங்க பாத்துக்கங்க, மால போடுறது எங்க சின்ன மாமா” என்று கண் கலங்காமல் சொல்லிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் போனிலிருந்து திரும்பி, “வாங்க மதினி” என்றான். அக்கா தலையசைத்தாள். வட்டத்தில் இருந்த பெண்கள் அவளுக்கு இடம் விட்டார்கள். அவள் உட்காரவில்லை. பந்தல் காலை ஒட்டி நின்றுகொண்டாள், முந்தானைக்குள் என் போன். “பாரு, இங்கயும் மரமாட்டம் நிக்கிறா” என்று ஒருத்தி முணுமுணுத்தது என் காதிலேயே விழுந்தது. அவளுக்கு விழாமலா இருந்திருக்கும்.

ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்கவில்லை. திருப்பூரிலிருந்து கொழுந்தனின் மூத்த அக்கா வந்து இறங்கினாள். பந்தலுக்கு வெளியிலேயே, “அம்மா போயிட்டாளாடா!” என்று அவனைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். அதுவரைக்கும் கமெண்ட்ரி சொல்லிக்கொண்டிருந்தவன் உடைந்து போனான். பெட்டி மேல் விழுந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, மூக்கு ஒழுகியது, ஒரு கை தானாக மேலே போனது. அப்படியே அக்காவின் ஸ்டிக்கர். கீழே எழுத்துதான் பாக்கி.

நான் சட்டென்று அக்கா பக்கம் திரும்பினேன். இரக்கத்தால் என்று சொன்னால் பொய். எங்கே அக்கா பிடிக்காமல் விட்டுவிடுவாளோ என்றுதான். அவள் போனை எடுத்தாள். நீட்டினாள். கை ஆடவில்லை. திரையில் அவன் முகம் நிறைந்து நிற்பது எனக்கே தெரிந்தது. அமுக்க வேண்டியதுதான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை இறக்கி என் கையில் வைத்தாள்.

“என்னக்கா?”

“இது பத்தாதுப்பா” என்றாள்.

நேராக ஸ்டாண்டுக்குப் போனாள். கால்மாட்டில் இருந்ததைத் தூக்கித் தலைமாட்டுக்கு நேராக வைத்தாள். கொழுந்தன் கிடக்கிற பக்கமாகப் போனைத் திருப்பினாள். அப்புறம் அவனுக்கு அருகில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டு, பெட்டிக் கண்ணாடியில் கையை வைத்தாள். அவள் குரல் முதலில் கம்மியது. இரண்டாவது தடவை எழும்பியது.

“வாசலுல நான் நொழைஞ்சா
வாடி தாயின்னு கையப் புடிப்ப
கையி ரெண்டும் குளுந்திருக்கே
கண்ணத் தொற என் அத்தே…

கட்டுன ராசா போகையில
கதறி நின்ன மூஞ்சியத்தான்
ஒளிஞ்சு நின்னு படம்புடிச்சு
ஊருக்கெல்லாம் வித்தாக…

கரண்டியால அடிச்சியே அத்தே
கையில ரெண்டு அடிச்சியே
கண்ணுல ரெண்டு போட்டிருந்தா
கருமம் அன்னைக்கே தீந்திருக்கும்…

பேர நான் சொல்லமாட்டேன்
பெட்டி ஓரம் கெடக்கிறாக…”

பந்தலில் இருந்த அத்தனை தலையும் பெட்டி ஓரத்துக்குத் திரும்பியது. வட்டத்தில் இருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அக்காவோடு சேர்ந்தார்கள். முணுமுணுத்தவளும் சேர்ந்தாள். அக்காவின் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. நின்று போன மோட்டார் திரும்பப் பிடித்தால் முதலில் சேறும் தண்ணியுமாகக் கக்குமே, அப்படி ஓடியது.

கொழுந்தனுக்கு விளங்கிவிட்டது. அழுதுகொண்டே போனை அணைக்கக் கை நீட்டினான். அவனுடைய தாய்மாமன் அந்தக் கையைத் தட்டிவிட்டார். “ஏலே, கைய எடு. அழுகுற பொம்பளைய மறிக்காத. ஒன்னப் பெத்தவளுக்குத்தான் அழுகுறா.” அந்த நேரம் பார்த்துப் பந்தலில் இருந்த இன்னொருத்தர் போனுக்குத் திருப்பூரிலிருந்து யாரோ கூப்பிட்டு, “லைவு நல்லாத் தெரியுது, ஆஃப் பண்ணிராதீக” என்றார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

எழவு வீட்டில் பறிகொடுத்தவரின் தாடையைத் தொட்டு அழுவது எங்கள் பக்கத்து முறை. யாரும் அதை மறுக்க முடியாது, தொடப்பட்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடாது. அக்கா ஒப்பாரியின் அடுத்த அடியை எடுத்தாள்.

“அம்மாவுக்கு அழுகும் புள்ள
அழக வந்து பாருங்க
அதையும் கொஞ்சம் அனுப்புங்களேன்
அத்தன குரூப்புக்கும்…”

சொல்லிக்கொண்டே கையை நீட்டிக் கொழுந்தனின் தாடையைப் பிடித்தாள். வாய் கோணிய அந்த முகத்தை ஸ்டாண்டில் இருந்த போனுக்கு நேராகத் திருப்பி, அசையாமல் அங்கேயே பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.